எத்தினையாம் கிணறு

ராசா,

நீங்கள் இருந்தபோது ஒருநாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சாருங்கோ" என்பதோடு என் வாய் நின்றுவிடும். ராசா என்று உங்கள் அம்மா கூப்பிடும்போதெல்லாம் எனக்கும் ஆசையாக இருக்கும், ஆனால் வெட்கம். இப்போது வெட்கப்பட யார் இருக்கிறார்கள்.

நேற்று பயணப்பெட்டி எடுக்க வீட்டுக்கு அடியிலுள்ள கெல்டருக்குள் இறங்கினேன். மூலையில் சாத்தியிருந்த உங்கள் பனிச்சறுக்குக் கட்டைகள் சரிந்து என் தோளில் விழுந்தன. நீங்கள் பூசிய மெழுகு இன்னும் மணக்கிறது. அங்கேயே படியில் இருந்துவிட்டேன்.

மகள் ஜப்பான் பயணத்துக்கு எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டாள். தீவுக்குத் தீவு பாலம் போட்டிருக்கிறார்களாம், அதில் சைக்கிள் ஓடலாம். பிறகு மலையில் நடை. பின்னேரம் வெந்நீரூற்றில் குளிப்பு. சைக்கிளுக்கும் நடைக்கும் ஓம் என்றேன். குளிப்புக்கு மட்டும், உடுப்போடு இறங்கலாமோ என்று கேட்டேன்.

"அம்மா, உடுப்போடை இறங்க விடமாட்டினம். பொம்பிளையள் மட்டும்தான். ஒருத்தரும் பாக்கமாட்டினம்," என்கிறாள்.

இவ்வளவு காலமாக நீச்சல் குளத்துக்கு அவளைக் கூட்டிப்போய், எல்லாரும் உடுப்பில்லாமல் நின்று குளிக்கும் அந்தக் குளிப்பறைக்குப் பயந்து வெளியே கோப்பியோடு இருந்தவள் நான். "நீர் டென்மார்க்குக்கு வந்ததே கோப்பி குடிக்கத்தான்," என்று நீங்கள் நக்கலடிப்பீர்கள்.

நான் வந்தது பிந்தித்தான். நீங்கள் முன்னமே வந்து இக்காஸ்ட் என்ற ஊரில் துணி ஆலையில் வேலை செய்துகொண்டு என்னைக் கூப்பிட எழுதிப்போட்டிருந்தீர்கள். எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களை அப்போது மேலிடத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள். பிறகு அது வெளியே வந்து, தமிழர் வழக்கு என்று பேரெடுத்து, அரசாங்கமே விலகியது. அதெல்லாம் எனக்கு அப்போது விளங்காது. திருகோணமலையில் இருந்து தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

வந்து இறங்கியதும் நான் பார்த்தது உங்கள் குசினிச் சுவரைத்தான். ஆலைக்குப் பின்னல் இயந்திரம் விற்ற ஜப்பான்காரர் கொடுத்த கலண்டர். சுற்றிவரப் பனி, நடுவில் ஆவி பறக்கும் தண்ணீரில் கழுத்தளவுக்கு ஆட்கள், வேலியில் சாத்திய சறுக்குக் கட்டைகள்.

"வருசம் முடிஞ்ச கலண்டரை ஏன் இன்னும் தூக்கி வைச்சிருக்கிறியள்?"

"நான் திகதியே பாத்தனான்? படம் பாத்தனான். நீர் வந்தால் இஞ்சை போறதெண்டு எப்பவோ முடிவெடுத்தாச்சு. பகலிலை சறுக்கிறது, பின்னேரம் சுடுதண்ணியிலை இருக்கிறது."

"சுடுதண்ணிக் கிணத்துக்கு ஆரும் உல்லாசமாப் போவினமே? அது செத்தவைக்குக் காரியம் செய்யிற இடம்."

நான் கன்னியாவைத்தான் நினைத்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்து ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. யாரும் செத்தால் முப்பத்தோராம் நாள் அங்கே போய்க் கடமை செய்து முழுகுவோம். நீங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டீர்கள்.

"அம்மாவின்ரை காரியத்துக்கு நான் நிக்கேல்லைத்தானே," என்றீர்கள். "தம்பிதானே எல்லாம் செய்தவன். எனக்கு எங்கையெண்டாலும் ஒரு சுடுதண்ணியிலை முழுகவேணும் போலை கிடக்கு."

பிறகு அந்தக் கலண்டரைக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாரிக்குப் பழைய சாமான் சந்தையில் கட்டைகளை வாங்கிவந்தீர்கள். மலையே இல்லாத நாட்டில், ஆலைக்குப் பின்னாலிருந்த வயலில், பனி கொட்டிய அன்றைக்கே இறங்கினீர்கள். தொப்பென்று விழுந்தீர்கள்.

"சமதரையிலை விழுகிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றேன்.

"விழத்தான் பழகிறன். மலையிலை பயமில்லாமல் விழலாம்," என்றீர்கள், பனிக்குள் கிடந்தபடியே.

பிள்ளை வந்தாள், வீடு வாங்கினோம், முதுகு நொந்தது. ஜப்பான் பின்னுக்குப் பின்னுக்குப் போனது. ஆனால் எந்தச் சூட்டையும் நீங்கள் கன்னியாவால்தான் அளந்தீர்கள். ஆறின தேத்தண்ணி முதலாம் கிணறு. ஆலைக் கோப்பி ஏழாம் கிணறு.

வருத்தம் முற்றி நீங்கள் தனியே எழும்ப முடியாமல் போனபோது, குளிக்கவார்க்க நகரசபையான கொம்யூனிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். நானே வார்க்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். முதல்நாள் நீங்கள் துவாயை விடவில்லை. "வெக்கமாக் கிடக்கப்பா," என்றீர்கள். "தண்ணிக்கு முன்னாலை என்ன வெக்கம்," என்று பறித்தேன். பிறகு ஒவ்வொரு நாளும் முதுகில் ஊற்றிக்கொண்டே கேட்பேன், "சூடு காணுமோ?" "மூண்டாம் கிணறு. கொஞ்சம் ஏத்தும்." கடைசிக் குளிப்பில் நீங்கள் இலக்கம் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினீர்கள்.

உங்களை இங்கேதான் கடலில் கரைத்தோம். கன்னியாவுக்குக் கொண்டுபோக முடியவில்லை. அம்மாவுக்கு நீங்கள் நிற்காதது போல, உங்களுக்கு வெந்நீரில் முழுக நானும் நிற்கவில்லை. அதுதான் மகள் குளிப்பைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் உடுப்பைச் சாட்டினேன்.

கெல்டர்ப் படியில் இருந்தபோது, அன்றைக்கு உங்கள் துவாயைப் பறித்துக்கொண்டு நான் சொன்னது எனக்கே கேட்டது. மேலே போய் மகளிடம், "நானும் இறங்கிறன்," என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

கட்டைகளைக் கொண்டுபோக முடியாது. உங்கள் துவாயைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அந்தக் குளிப்பு உல்லாசமோ கடமையோ என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. தலைவரைக்கும் முழுகிவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் கேட்பேன்:

இஞ்சாருங்கோ, இது எத்தினையாம் கிணறு?