குதிரையின் முன்னங்கால்

பிளாரன்ஸ், மே மாதம்

தண்டனைக்குத் தப்பிப் பதுவாவில் ஒதுங்கியிருக்கும் என் வீட்டுக்காரர் பல்தஸ்ஸாரேவுக்கு பியெரா எழுதுவது. நானும் பட்டறையும் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

துருக்கி சுல்தானுக்குப் பீரங்கி வார்க்கக் கப்பலேறப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மதுக்கடையில் நீதிபதியின் மருமகனை அடித்தபோது வராத பயம் இப்போது எங்கிருந்து வந்தது? அடுத்த மாதம் யோவான் திருநாளில் கோமகன் சிலருக்கு மன்னிப்பு அளிப்பார். உங்கள் மனுவோடு, சிங்கம் குதிரையைக் கவ்வும் அந்த வெண்கலச் சிலையையும் அவர் முன் வைப்பதாகத்தானே பேச்சு? நான் வரும்வரை மெழுகு உருவைத் தொடாதே என்று சொல்லியிருந்தீர்கள்; சிலை இல்லாமல் மன்னிப்பு ஏது, மன்னிப்பு இல்லாமல் நீங்கள் வருவது ஏது? அதை மீறிப் போன வாரம் வார்த்துவிட்டோம்.

களிமண்ணை உடைத்தால் சிங்கம் பிடரிமயிரோடு அச்சாக வந்திருந்தது. குதிரைக்குத்தான் ஒரு முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நீங்கள் அதை மடக்கி வைத்திருந்தீர்கள். அச்சைக் கவிழ்த்து ஊற்றும்போது அந்த மடிப்பில் காற்றுப் போக வழி வைக்க மறந்துவிட்டோம். களிமண்ணுக்குள் இருந்த உங்கள் மெழுகு உருவும் உருகிப் போயாயிற்று, திரும்ப வார்க்க எதுவும் இல்லை. உட்கார்ந்து அழுதேன்.

உங்கள் கையாள் நேரி அப்போதும் வாயை மூடவில்லை. "அக்கா, இன்னொரு காலையும் ஒடிச்சுத் தோட்டத்துல புதைச்சிருவோம். பழைய ரோமாபுரி சிலைன்னு சொன்னா பிரபுக்கள் அடிச்சுக்கிட்டு வாங்குவாங்க" என்றான். அழுகையிலும் சிரிப்பு வந்தது. விற்கலாம்தான். அதில் உங்கள் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் மன்னிப்பு யாருக்கு?

தண்ணீர்க்காரரின் கோவேறு கழுதையை முற்றத்தில் கட்டி, அதன் காலைத் தடவித் தடவிப் பார்த்து மெழுகில் நானே ஒரு கால் செய்தேன். கழுதை உதைத்த இடுப்பு இன்னும் வலிக்கிறது. நேரி குதிரையின் அரைக்காலைத் தோள்வரை அறுத்தெடுத்துவிட்டுப் புதுக்காலை அங்கே சேர்த்து வார்த்தான். ஒட்டு தெரியாமல் அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறோம்.

கோபப்படக் கூடாது. நீங்கள் வைத்தது விழப்போகிற குதிரை. என் கால் மடங்கவில்லை, தரையில் ஊன்றியிருக்கிறது. சிங்கம் முதுகில்தான் இருக்கிறது, பல்லும் இறங்கித்தான் இருக்கிறது. ஆனாலும் இந்தக் குதிரை விழாது.

மன்னிப்புக் கிடைத்தால் நகர வாசலில் காத்து நிற்பேன். கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு பதுவாவுக்கே வந்துவிடுவேன். மாதா உங்களைக் காக்கட்டும். நான் வந்து கதவைத் தட்டினால் திறக்க நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

உங்கள்
பியெரா