வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு

பத்தாங் பெர்ஜுந்தாய்
ஆவணி, 1956

அன்பு மகன் முருகையாவுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் தங்கை புஷ்பவள்ளியும் சுகமாக இருக்கிறோம், கப்பல் பழுதுபார்க்கப் போன அந்த ஜப்பான் ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்ததிலிருந்து பாதி நினைப்பு உன் தெருவில்தான் கிடக்கிறது. எந்தக் காலத்திலோ வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்த ஒரு மனிதருக்காகத் தெருவெல்லாம் காகித விளக்குக் கட்டி, சின்னப் பல்லக்குத் தூக்கி, கடைசியில் எல்லாருக்கும் சோற்று உருண்டை கொடுப்பார்களாம் என்று எழுதியிருந்தாயே, விடிகாலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போனால் மரத்துக்கு மரம் எனக்கு அந்த விளக்குத்தான் தெரிகிறது. கோலசிலாங்கூர் ஆற்றோரம் மின்மினி மொய்த்த மரத்தைப் பார்த்துச் சின்ன வயதில் நீ கை தட்டினாயே, அது மாதிரி. நேற்றுக் கனவில் அந்த வாய்க்கால் நம் லயத்து வீட்டு வாசலில் ஓடியது, உன் அப்பா முழங்கால் தண்ணீரில் நின்று பல்லக்குக்குத் தோள் கொடுத்தபடி, சோறு ஆயிருச்சா புள்ள என்று கேட்டார். அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன், விழிப்பு வந்துவிட்டது.

சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் அவரைச் சயாம் ரயில் பாதை போட லோரியில் ஏற்றிப் போன முச்சந்தியில்தானே வருஷா வருஷம் படையல் வைக்கிறோம். கண் மூடின நாள் தெரியாததால் லோரி ஏறின நாள்தான் நமக்குத் திதி. இப்போது லயத்தைச் சுற்றி அரசாங்கம் முள்வேலி போட்டதில் முச்சந்தி வேலிக்கு வெளியே போய்விட்டது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று ஒரு பருக்கையைக்கூடக் கேட்டைத் தாண்ட விடுவதில்லை. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, போன வாரம் காப்பித் தூக்கின் அடியில் சோற்றை ஒளித்துக்கொண்டு போனேன். சோதனை போடுகிற பெண் மூடியைத் திறந்து, என்ன காப்பிம்மா இது, பருக்கை மிதக்குது என்று கேட்டுவிட்டுக் கீழே கொட்டிவிட்டாள். வெறும் இலையைப் போட்டுக் கும்பிட்டு வந்தேன். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

அப்பாவைக் கொண்டுபோனவர்கள் ஊரில் நான் பல்லக்குத் தூக்கலாமா, வேண்டாம் என்றால் போகமாட்டேன் என்று கேட்டிருக்கிறாய். எனக்குக் கோபம் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் வாய்க்கால் வெட்டின மனிதர் லோரி கொண்டுவரவில்லை. போய்த் தூக்கு, தோளில் துண்டை மடித்து வைத்துக்கொள். கொடுக்கிற சோற்றில் நீ வாய் வைக்கும் முன் ஒரு பிடி எடுத்து அந்த வாய்க்கால் ஓரம் அப்பாவுக்கு வை. அங்கே யாரும் உன் கையைத் தட்டிவிடமாட்டார்கள்.

குளிர் வந்தால் கம்பளி போட்டுக்கொள். அம்மன் உனக்குத் துணை இருப்பாள், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, சோறு வைக்கும்போது அப்பா பெயரைச் சத்தமாகச் சொல். அவரைக் கட்டின நாளிலிருந்து நான் சொன்னதில்லை, இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. அந்த ஊரில் ஒரு தெருவாவது அவர் பெயரைக் கேட்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
வேலம்மா