உனக்கு மட்டும் கொடுத்த ஸ்டூல்

இன்று காலை கடைக்குள் தைல வாசனை. புடவை அலமாரிக்குப் பின்னால் குனிந்து, கூட வேலை செய்யும் கமலா கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடை திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உன் நினைப்பு வந்துவிட்டது. நீ கண்ணை மூடி மூன்று வருடம். நாம் சேர்ந்து நின்ற இதே குவீன் தெருக் கடையில், விற்கிற பெண்கள் இன்னும் உட்காரக் கூடாது.

காலில் நரம்பு சுருண்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டு நீ வேலைக்குத் திரும்பிய அன்று, பழைய முதலாளி உன்னை அறைக்குள் கூப்பிட்டார். கூட்டம் இல்லாதபோது உட்கார்ந்துகொள் என்று ஒரு ஸ்டூல் கொடுத்தார். முதல் வாரம் எல்லாருக்கும் சம்மதம்தான். தீபாவளி வியாபாரம் சூடு பிடித்ததும் பேச்சு மாறியது.

"மகாராணி உக்காந்தாச்சு. நாம நிப்போம் லா" என்றாள் நம்மோடு நின்ற மேரி.

"எங்க காலு என்ன இரும்பா?" இதைக் கேட்டவள் நான்.

"டாக்டர் சொன்னாருடி. தழும்பக் காட்டட்டுமா?" என்று நீ புடவையைத் தூக்கினாய். உன்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்தோமே, அதை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நியாயம் செய்வதாக எண்ணி நான்தான் முறை போட்டேன். உன்னையும் சேர்த்து ஆறு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். உன் ஸ்டூலுக்கு நீயே வரிசையில் நின்றாய். மூன்றாம் நாள் மேரி உட்கார்ந்திருந்ததை முதலாளி பார்த்தார். "ஒருத்திக்குக் குடுத்தா எல்லாரும் கேக்குறீங்க. இனிமே யாருக்கும் கெடையாது." ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் நீ வேலையை விட்டாய்.

பின்னால் கோயிலில் பார்த்தபோது, "விடுடி, நீ கெட்டது நெனக்கல" என்றாய். விட மாட்டேன். உனக்குக் கிடைத்தது நியாயமா என்று ஐந்து பேர் கூடி விசாரித்தோம். மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்று அந்த அறைக்குள் போய்க் கேட்க ஒருத்திக்கும் வாய் வரவில்லை. புடவை வாங்க வருகிறவர்களுக்கு எட்டு நாற்காலிகள் கிடந்த கடை அது.

இன்று போய்க் கேட்டேன். இப்போது முதலாளி அவருடைய மகன்.

"உங்களுக்கு வயசாச்சு அக்கா. உங்களுக்கு மட்டும் ஒன்னு போடுறேன். மத்தவங்ககிட்ட சொல்லாதீங்க லா."

"எல்லாருக்கும் போடு தம்பி. இல்லாட்டி எனக்கும் வேணாம்."

வெளியே வந்து அவன் சொன்னதை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கமலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க உக்காருங்க அக்கா. நாங்க ஒன்னும் சொல்ல மாட்டோம்" என்றாள்.

நல்ல பெண். அந்த ஸ்டூல் வரும்வரை நானும் உனக்கு நல்ல தோழியாகத்தான் இருந்தேன். கடை மூடும்வரை நின்றேன். நாளை மறுபடியும் அந்த அறைக்குப் போவேன்.