மேட்டில் நிற்காத வண்டி

பழைய வண்டியைக் கொடுப்பதற்கு முன் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார்கள். கடைசி வரிசை இருக்கையை மடக்கியபோது அடியில் பூண்டுத் தோல் குவிந்து கிடந்தது. பூண்டியிலிருந்து நாம் ஏற்றி வந்த மூட்டைகளிலிருந்து வருடக்கணக்கில் உதிர்ந்தது. கையால்தான் அள்ளினேன். அதன் பிறகு எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை. இப்போது புதிய வண்டியின் ஸ்டியரிங்கிலும் அது ஏறிவிட்டது. வியாபாரி ஆசையாக மாட்டிக் கொடுத்த எலுமிச்சை வாசனை டப்பாவைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன்.

புதிய வண்டி என்று சொல்கிறேனே தவிர, அதுவும் யாரோ ஓட்டிச் சலித்ததுதான். வெளியிலிருந்து பார்த்தால் எஸ்யூவி போல நிமிர்ந்து நிற்கும். கதவைத் திறந்தால் சின்னக் கார். கிராஸ்ஓவர் என்கிறார்கள். நீ பார்த்திருந்தால், "கிளார்க்கு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு சண்டைக்கு வந்த மாதிரி இருக்கு மச்சான்" என்று ஏதாவது சொல்லியிருப்பாய்.

பழையதை வாங்கியபோது ஏழு பேருக்காகத்தான் வாங்கினேன். கொடைக்கானல் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் நாம் ஐந்து பேர், கூட என் மனைவி. உன் மடியில் எப்போதும் யாராவது ஒருவருடைய குழந்தை. சனிக்கிழமை காலை ஏறினால் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி என்று மலைக் கிராமங்களைச் சுற்றுவோம். பிறகு ஒருவர் ஆஸ்திரேலியா போனார். ஒருவர் மதுரையில் வீடு கட்டி இறங்கிப் போனார். இன்னொருவரோடு நான் பேச்சை நிறுத்தினேன். காரணம் உனக்குத் தெரியும், இன்றைக்கும் என் பக்கம்தான் நியாயம். என் மனைவி, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மகளோடு சென்னையில் தங்கிவிட்டாள். "அவ குளிருன்னு சொன்னது ஒன்னையத்தான்டா" என்றாய் ஒரு முறை. வேறு யார் சொல்லியிருந்தாலும் பாதி வழியில் இறக்கிவிட்டிருப்பேன். கடைசியில் அந்த ஏழு பேர் வண்டியில் நீயும் நானும் மட்டும் மிஞ்சினோம்.

அதுவும் ஒற்றை ஆளால் சமாளிக்க முடியாத வண்டி. ஹேண்ட் பிரேக் நிற்காது. கம்பியை மாற்றினால் ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். கியரில் போட்டு நிறுத்தினாலும் கியர் தானாகக் கழன்றுகொள்ளும். மன்னவனூரில் அப்படித்தான் ஒரு முறை உருண்டு போய்க் கேரட் வயலுக்குள் மூக்கை வைத்து நின்றது. அரிவாளோடு ஓடி வந்த வயல்காரரிடம் நீ, "சார் அறுவடைக்கு வந்திருக்காருங்க" என்றாய். அந்த மனிதர் சிரித்துவிட்டார். நான் மட்டும் தனியாகப் போயிருந்தால் அன்று போலீஸ் வரை போயிருக்கும்.

அதற்குப் பிறகு நமக்குள் ஒரு வழக்கம் அமைந்தது. மேட்டில் நிறுத்த வேண்டுமென்றால் நான் காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பேன். நீ இறங்கி, யூகலிப்டஸ் கட்டையைப் பின் டயருக்கு முட்டுக் கொடுத்து, "வச்சாச்சு, கால எடு" என்பாய். கிளம்பும்போது நான் வண்டியை முன்னால் நகர்த்த, நீ கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஏறுவாய். மலையில் பாதிப் பேர் கட்டைக்குப் பதில் கல்லை வைப்பார்கள். வைத்த கல்லை நடுரோட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். மூடுபனியில் பின்னால் பைக்கில் வருகிறவன் அதில் ஏறினால் அவன் கதி அவ்வளவுதான். எதற்கும் கோபப்படாத உனக்கு அது மட்டும் பொறுக்காது. "வச்சவன் எடுக்கணும்டா" என்பாய். யாரோ விட்டுப் போன கல்லை ஓரமாகப் போடுவதற்காக என்னை மேட்டில் நிறுத்தச் சொல்வாய். அதற்கு நீ முதலில் இறங்கி நம் கட்டையை வைக்க வேண்டும். ஒரு கல்லுக்காக இத்தனை சர்க்கஸ். எனக்குப் பின்னால் ஹாரன் அடிக்கிற டூரிஸ்ட் வண்டிகளோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருப்பேன்.

செலவானாலும் பரவாயில்லை, பிரேக் டிரம்மையே மாற்றி ஒரேயடியாகச் சரிசெய்துவிடுகிறேன் என்று நான் கிளம்பியபோது நீதான் தடுத்தாய். "சரி பண்ணிட்டா எனக்கு என்ன சோலி? அப்புறம் என்னைய எதுக்கு ஏத்திட்டுப் போவ?"

நான் பள்ளியை விட்டு வந்த நாளையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். எனக்கு வர வேண்டிய தலைமை ஆசிரியர் பதவியை வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். தாளாளர் மேசையில் ராஜினாமாவை வைத்துவிட்டு வந்து வராந்தாவில் நின்றேன். நீயும் எழுந்து வருவாய் என்று நினைத்தேன். நீ சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் போய்விட்டாய். அந்தச் சனிக்கிழமை எதுவுமே நடக்காதது போல வந்து ஏறினாய். பூம்பாறை வரை நான் பேசவில்லை. பிறகு நீயே சொன்னாய்: "எங்க வீட்டாளுக சிலோன் தோட்டத்துல ஒருக்கா மூட்டை கட்டுனவுக மச்சான். இருக்கிற இடத்த விட்டுட்டு எந்திரிச்சு வர்றது எங்க ரத்தத்துலயே பயம்." நியாயமான பதில். நியாயமாக இருந்துவிட்டால் கோபம் போய்விடுமா?

கடைசி மழைக்காலத்தில் நீ இறங்குவதற்கு நேரமானது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். குனிந்தவன் நிமிர வெகுநேரம் ஆனது. கண்ணாடியில் உன் தொப்பி மட்டும் தெரியும். நான் உள்ளேயிருந்து கத்துவேன்: "ஏலே, வெரசா வையி! காலு மரத்துப் போச்சு."

"கட்டைக்கு வயசாயிருச்சுடா, கனக்குது" என்றாய்.

மரம் பழையதானால் காய்ந்து கனம் குறையத்தான் செய்யும். அதை நான் யோசிக்கவில்லை. வாரம் விட்டு வாரம் கோயம்புத்தூருக்கு மகளைப் பார்க்கப் போகிறேன் என்றாய். மகள் மேல் திடீரென்று என்ன பாசம் என்றுகூட நான் கேட்டேன். சிரித்தாய்.

பிறகு ஒரு சனிக்கிழமை. மாதா கோயில் நிறுத்தத்தில், தரை சமமாக இருக்கும் அந்த இடத்தில், இன்ஜினை அணைக்காமல் உனக்காகக் காத்திருந்தேன். டீக்கடைக்கார அம்மா எதையோ கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார்... யாரும் சொல்லலீங்களா? கணக்கு சார் நேத்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரில தவறிட்டாருங்க. கேன்சர் முத்திருச்சாம். ஊருக்கே தெரியுமே சார்."

ஊருக்கே தெரியும். ஆசிரியர் அறைக்குத் தெரியும். உன்னை வராந்தாவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் அந்தத் தாளாளருக்குத் தெரியும். அவர் ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோடு வந்து போனாராம். எனக்குத் தெரியாது. அன்று பிற்பகல் உன்னை மண்ணில் வைத்தபோது நான் கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரமாக நின்றேன். ஒரு பிடி மண் போடக்கூட முன்னால் வரவில்லை. உன் மனைவி ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

அதன் பிறகு உன் வீட்டுக்குப் போகவில்லை. உன் வீடு இருப்பது செங்குத்தான மேட்டில். வண்டியை நிறுத்தினால் கட்டை வைக்க ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடந்து போயிருக்கலாம். போகவில்லை. வண்டி நிற்கக்கூடிய இடங்களுக்கு மட்டும் போய் வந்தேன்: பெட்ரோல் பங்க், ஏரிக்கரை ரோடு, பஸ் ஸ்டாண்டு. இந்த மலையில் சமதரையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பூண்டி ஏற்றத்துக்கு ஒரு நாள் போய், நிறுத்த முடியாமல், ஜன்னல் வழியாகவே வயல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மெக்கானிக்கிடம் பிரேக்கைச் சரிசெய்யச் சொன்னேன். "இனிமே இதுக்கு உதிரி தேடுறது சாமி தேடுற மாதிரி சார், மாத்திருங்க" என்றார்.

பழனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பழைய கார் வியாபாரி ஒருவர், நல்ல மனிதர் என்று எப்போதோ பேச்சோடு பேச்சாக நீ சொன்னது நினைவிருந்தது. இறங்கிப் போனேன். வண்டியைப் பார்த்ததும் அந்த பாய் எழுந்து வந்தார்.

"கொடைக்கானல் சாருங்களா? ஹேண்ட் பிரேக் நிக்காத வண்டி! நீங்க கணக்கு வாத்தியாரோட மச்சான்தானுங்களே?"

"அவர உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கோயம்புத்தூர் போறப்ப இங்கதானுங்க பஸ் மாறுவாரு. வந்து உக்காந்து ஒரு டீ குடிப்பாரு. 'என் மச்சான் ஒருத்தன் வருவான் பாய். கோவக்காரன். பேரம் பேசத் தெரியாது, சண்டை போடத்தான் தெரியும். ஒத்த ஆளா ஓட்டுற மாதிரி சின்னதா ஒண்ணு பாத்துக் குடுங்க. மேட்டுல தானா நிக்கணும், அது ரொம்ப முக்கியம்'னாரு. இந்தா நிக்குதே சின்ன கிராஸ்ஓவர், இதே ரகத்துல ஒரு வண்டி அப்ப இருந்துச்சு. என்னையக் கூட்டிட்டுப் போயி ஒரு ஏத்தத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டு எறங்கி, முன்னால நின்னு ரெண்டு கையாலயும் தள்ளிப் பாத்தாருங்க. அசையல. மூச்சு வாங்குது மனுசனுக்கு, ஆனா சிரிக்கிறாரு." அவர் டீக்குச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "வாத்தியார் சௌக்கியங்களா? ரொம்ப நாளாக் காணோமே."

"சௌக்கியம்" என்றேன்.

வாயில் அப்படித்தான் வந்தது. அவரிடம் நான் பேரம் பேசவில்லை. கட்டை வேண்டுமா என்று கேட்டார். அதைப் பழைய வண்டியிலேயே விட்டுவிடச் சொன்னேன். அடுத்து வாங்குகிறவனுக்கும் கட்டையும், அதை வைக்க ஒருவனும் வேண்டியிருக்குமே.

மலையேறும்போது வளைவுக்கு வளைவு உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். உன் இடத்துக்கு ஆள் தேடியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் விடுப்பு எடுத்தால் பதில் ஆசிரியரை ஏற்பாடு செய்துவிட்டுப் போவது போல, ஒரு இரும்புக் கம்பியை எனக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறாய். முன்பின் தெரியாத ஒரு வியாபாரியோடு உட்கார்ந்து, நான் தனியாளாகப் போகிற நாளைப் பற்றிப் பேசியிருக்கிறாய். அந்தப் பேச்சில் எனக்கு ஒரு நாற்காலி போட உனக்குத் தோன்றவில்லை.

இன்று சனிக்கிழமை. உன் வீட்டு மேட்டில் வண்டியை ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். நின்றது. சாக்கு ஒன்றும் மிச்சமில்லாததால் இறங்கினேன்.

ஸ்டெல்லா வாசலுக்கு வந்தாள். "அண்ணே, நீங்களா! வண்டிச் சத்தமே கேக்கல. யாரோ டூரிஸ்ட்டு வழி தெரியாம ஏறிட்டாங்கன்னு நெனச்சேன்."

உட்காரக்கூட இல்லை. "எல்லாருக்கும் சொன்னீங்க. எனக்கு மட்டும் ஏம்மா சொல்லல?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

அவள் பயப்படவில்லை. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போலக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நான் சொல்லிருவோம்னேன். விட மாட்டேன்னுட்டாரு. ஒங்களுக்குத் தெரிஞ்சா கட்டைய எடுக்க விட மாட்டீங்களாம். வண்டிய விட்டே எறங்க விட மாட்டீங்களாம். 'அப்புறம் நான் போர்வைய மூடிட்டு நோயாளியாத்தான் உக்காந்து வரணும். வாரத்துல ஒரு நாளு அவன் ஒருத்தனாவது என்னையக் கத்தட்டும்'னாரு." பிறகு சொன்னாள்: "நீங்க ஏலேன்னு கத்துனத வீட்ல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருண்ணே."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ பதில்களைத் தயாரித்து வைத்திருந்தேன். எல்லாம் வேறு காரணங்களுக்கான பதில்கள்.

"பூண்டிக்கா போறீங்க?" என்று கேட்டாள். போவதாக நினைக்கவே இல்லை. ஆமாம் என்றேன். உள்ளே போய்ச் சால்வையை எடுத்துக்கொண்டு வந்து பின் இருக்கையில் ஏறினாள். முன் இருக்கையின் கதவை அவளும் தொடவில்லை, நானும் திறந்துவிடவில்லை.

பூண்டி ஏற்றத்தில், எப்போதும் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினேன். நாம் பூண்டு வாங்கும் அந்த அக்கா வயலிலிருந்தே சத்தம் போட்டாள்: "என்ன சார், வண்டிய மாத்திட்டீங்களா! பெருசு போயி இப்படிக் குட்டியா வந்திருக்கீங்க? கணக்கு சாரு எங்க, எறங்கலையா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஸ்டெல்லா இறங்கினாள். "அவரு இல்லக்கா. போயிட்டாரு. நான் அவரு வீட்டுக்காரி."

கையில் இருந்த பூண்டுக் கொத்தைப் போட்டுவிட்டு அந்த அக்கா வரப்பைத் தாண்டி ஓடி வந்தாள். முன்னால் ஒரு நாளும் பார்த்துக்கொள்ளாத இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அழுதார்கள், நடுவில் எதற்கோ சிரிக்கவும் செய்தார்கள். எனக்கு அதில் இடமில்லை. தள்ளி நின்று வண்டியைப் பார்த்தேன். அது பாட்டுக்கு, யாருடைய உதவியும் இல்லாமல், மேட்டில் நின்றுகொண்டிருந்தது.

நான் யாரையும் எளிதில் மன்னிக்கிறவன் இல்லை. தாளாளரை மன்னிக்கவில்லை, நம்மை விட்டு ஆஸ்திரேலியா போனவரை மன்னிக்கவில்லை, உன்னையும் மன்னிக்கவில்லை. நீ சொன்ன காரணம் நல்ல காரணம்தான். ஆனால் அது உன் காரணம், என்னைக் கேட்டு எடுத்த முடிவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களோடு பேச்சை நிறுத்தியது போல உன்னோடு நிறுத்த எனக்கு வரவில்லை. ஓட்டும்போது, சமைக்கும்போது, பல் தேய்க்கும்போது உன்னோடு வழக்காடிக்கொண்டே இருக்கிறேன். என் வீட்டில் கேட்கிற ஒரே குரல் அதுதான்.

திரும்பும்போது மேகம் இறங்கிவிட்டது. விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டினேன். பூம்பாறைக்கு மேலே ஒரு வளைவில், பின்னால் ஒருத்தி இருப்பதை மறந்து, வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடா."

கண்ணாடியில் பார்த்தேன். ஸ்டெல்லா ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"நானும் அதத்தாண்ணே தெனமும் அவருகிட்டக் கேட்டுட்டு இருக்கேன்" என்றாள்.