அண்ணன் கிளினிக்கில் அப்பா படம்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், ஆனால் பாதி வீடுதான் நலம், மீதியைப் படித்துத் தெரிந்துகொள். நீயாவது வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இரு. உன் அண்ணன், நம் குடும்பத்தின் மகா மேதை டாக்டர், உடம்பை இளைக்க வைக்கும் திட்டம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். ராத்திரி சாப்பாட்டை நிறுத்திவிட்டு வெந்நீர் குடிக்க வேண்டுமாம், இதற்கு அவன் அத்தனை வருஷம் படித்திருக்கவே வேண்டாம். திறப்பு விழாவுக்குக் காத்திருக்கும் அவன் புதுக் கிளினிக்கில் நுழைந்ததும் அப்பாவின் இரண்டு படங்கள், ஆளுயரத்துக்கு. ஒன்றில் தொந்தி, இன்னொன்றில் சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டும். கீழே "என் முதல் வெற்றி" என்று எழுதி வைத்திருக்கிறான். அண்ணி அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புகிறாள்.

வெற்றியாம் வெற்றி. உன் அப்பா ஒரு நாள்கூட அந்த வெந்நீரைத் தொட்டதில்லை. வழக்கம்போல் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மகன் எடை மெஷினோடு வந்தால் நல்ல பிள்ளைபோல் ஏறி நிற்பார், முள் இறங்கியிருக்கும், இவன் குதிப்பான். சாப்பிடுகிற மனுஷன் ஏன் இளைக்கிறார், ஏன் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறார் என்று எனக்கே உறுத்தியது, டாக்டருக்கு உறைக்கவில்லை. கேட்டதற்கு, "உனக்கு என்னம்மா தெரியும், எல்லாம் நம்ம புரோகிராம்தான்" என்றான். சரி ராசா என்று வாயை மூடிக்கொண்டு, பக்கத்துத் தெரு லேடி டாக்டரிடம் அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது, உடனே இன்சுலின் போட வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்றார். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, "ஊசி போட்டா எடை ஏறிடுமாம், அவன் திறப்பு விழா முடியட்டும்" என்றார். வந்த ஆத்திரத்தில் கத்தித் தீர்த்தேன். நான் ஓய்ந்த பிறகு மெதுவாக, "அவன் வீட்டுக்கு வர்றதே அந்த மெஷினத் தூக்கிக்கிட்டுத்தானே, என் தோள்ல கை போட்டு எத்தனை வருஷம் ஆச்சு" என்றார்.

நேற்றே நானே ஊசியை ஆரம்பித்துவிட்டேன், விழாவில் கொஞ்சம் சதை போட்டுத்தான் நிற்பார். மேதைக்கும் போனில் சொன்னேன். "இத யார்கிட்டயாவது சொன்னியாம்மா" என்று கேட்டான். பெற்றவள் நான், வெட்கமாக இருக்கிறது.

நீண்ட ஆயுளோடும் நிறைந்த வயிற்றோடும் இரு கண்ணே. ஒன்று மட்டும் மறக்காதே, அப்பாவிடம் போனில் பேசும்போது எடையைப் பற்றிக் கேட்காதே, வேறு ஏதாவது கேள், நிறையக் கேள்.

என்றும் உன் நினைவாக,
அம்மா