நங்கையா, ஓட்டுப்பாலம் எரிந்துவிட்டது

என் பிரியமான நங்கையாளுக்கு,

நீங்கள் கண்மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. நல்ல சேதி வந்தால் எழுதலாம் என்றிருந்தேன். வரவில்லை. வாய்க்கால் மேலிருக்கும், ஓட்டுக்கூரை போட்ட நம் மரப்பாலம் பாதி எரிந்துவிட்டது. தீ கிளம்பியது உங்கள் வீட்டுக்காரர், என் கூடப்பிறந்த அண்ணன், காய்ந்த கரும்புச் சோகைக்கு வைத்த நெருப்பிலிருந்து.

சில வருஷம் முன்பு நிலம் அதிர்ந்தபோது ஓடுகள் சரிந்து, இரண்டு மரத்தூண்கள் அடிக்கல்லை விட்டு நகர்ந்தன. பழங்காலத்துப் பாலம், அவ்வளவுதான் என்று ஊரே கைவிட்டது. நீங்கள்தான் மனு எழுதி, அலைந்து, தூண்களை இரும்புப் பட்டை போட்டுக் கல்லோடு இறுக்க வைத்தீர்கள். பாலத்தை ஒட்டிக் கரும்பு வேண்டாம், சோகையும் எரிக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அண்ணனிடம் கேட்டீர்கள். அவர் உங்கள் கையைப் பிடித்துச் சரி என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

உங்கள் காரியம் முடிந்த மறுமாதமே பாலத்தடி வரை கரும்பு நட்டார். வெட்டு முடிந்ததும் சோகைக்குத் தீ வைத்தார். காற்றடிக்கிறது, வேண்டாம் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். கேட்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். விசாரிக்க வந்த அதிகாரியிடம், கரண்டுக் கம்பி உரசித் தீப்பிடித்தது என்றார். பிறகு உங்கள் மனுவின் நகலை நீட்டினார். முதல் பக்கம் மட்டும். பாலத்தின் பழுதுகளை நீங்கள் எழுதிய பக்கம். எப்படிச் சரிசெய்வது என்று எழுதியிருந்த இரண்டாம் பக்கம் அதில் இல்லை.

"எம்பட சம்சாரமே எழுதி வச்சிருக்காளுங்க, பாலம் ஆகாதுன்னு. இடிச்சுப் போட்டு கரும்பு லாரி போறாப்பல கட்டிக் குடுங்க."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அன்று பட்டை போட்ட ஆட்களுக்கு மோர் கொண்டுவந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

நான் அதிகாரி முன்னால் போய் நின்றேன். "தீ வச்சது எங்கண்ணந்தானுங்க. நான் பாத்தேன். பட்டை போட்ட தூணெல்லாம் நிக்குது, போய்ப் பாருங்க" என்றேன். அதிகாரி இறங்கிப்போய் ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தார். மறு ஆய்வு முடியும்வரை இடிக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டு போனார்.

அண்ணன் சத்தம்கூடப் போடவில்லை. "இனி எம்பட ஊட்டுப் பக்கம் வராத சாமி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உங்கள் பேச்சையே உங்களுக்கு எதிராகத் திருப்புகிற மனுசனை எப்படி அவ்வளவு நம்பினீர்கள், நங்கையா? நானும்தான் ஏன் நம்பினேன்?

அடுத்த மாதம் மறு ஆய்வுக்கு வருகிறார்களாம். அண்ணன் எதிரிலேயே நின்றாலும் கண்ணால் கண்டதைச் சொல்வேன். ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன்.

பிறந்த வீட்டுக்கு இனிப் போக முடியாத
உங்கள் நாத்தனார்,
சரசு