நண்டு வைத்த படையல்

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று என் வீட்டுக்காரரின் கருமாதி. பங்கு வாங்கியே பெரும் பணக்காரரானவர் என்று சுங்கைப் பட்டாணி ஊர் முழுக்க அவருக்குப் பெயர். சாப்பிட்டது என்னவோ பாலில்லாத கோப்பியும் அதில் நனைத்த பிஸ்கட்டும்தான். படையலில் அதை வைத்தேன்.

"எடுத்துருங்கம்மா. அப்பா எவ்ளோ பெரிய ஆளு, வர்றவங்க சிரிப்பாங்க லா" என்று மகன் அதை எடுத்துவிட்டு ஓட்டலில் வாங்கிய நண்டை வைத்தான். நண்டு தின்றால் அவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். அதைச் சொல்வதற்குள் கொழுந்தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணி, அண்ணன் கடைசியா எந்த ஷேரு வாங்கினாரு?"

"உங்க அண்ணன் என்கிட்ட பிஸ்கட்டு தீந்துபோச்சான்னுதான் கேப்பாரு தம்பி."

கொழுந்தன் நம்பவில்லை. வந்த மற்றவர்களும் ஷேரைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. சூடம் காட்டினார்கள். நானும் கும்பிட்டேன். மனிதர் பசியோடுதான் போயிருப்பார்.